பழைய லெவல் மீட்டர் வாங்கி ரூ.18,500 போச்சு: டெலிபோன் லைன் வேலை பார்க்கிறவங்க படிச்சிருங்க

பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாய். முதல்லயே தொகையைச் சொல்லிடறேன், ஏன்னா நேத்து ராத்திரியில இருந்து மண்டைக்குள்ள அதுதான் ஓடிக்கிட்டிருக்கு. கடை ஓசூர்ல. பழைய டெலிகாம் சாமான், லேப் சாமான் எல்லாம் ஏலத்துல எடுத்து விற்கிற கடை. பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன்னு சொல்லியிருக்கான். அதனால பேர் போடல.

நான் தர்மபுரி. இன்டர்காம், சின்ன எக்ஸ்சேஞ்ச், ஃபேக்டரிக்குள்ள போற டெலிபோன் கேபிள் இதெல்லாம் எடுத்துச் செய்யறேன். இந்தக் காலத்துல யாருய்யா செம்புக் கம்பில பேசறாங்கன்னு கேக்காதீங்க. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரில பாய்லர் ரூம், கோல்டு ஸ்டோரேஜ் உள்ள செல்போன் டவர் எடுக்காது. அங்கெல்லாம் இன்னும் மேசை மேல இருக்கிற போன்தான். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியா வந்து இறங்கற நேரத்துல கேட்டுக்கும் பாய்லருக்கும் போன் சரியா கேக்கலைன்னா மேனேஜர் என்னைத்தான் திட்டுவார்.

அப்படித்தான் ஒரு ஃபேக்டரில இருந்து கூப்பிட்டாங்க. அரை கிலோமீட்டர் கேபிள், மறுமுனையில சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. காதால கேட்டுக் குத்துமதிப்பா சொல்ற வேலை இல்ல இது, அளந்து பாக்கணும். அதுக்குத்தான் இந்த லெவல் மீட்டர், லெவல் செட்னும் சொல்வோம். தெரியாதவங்களுக்காக: பெட்டியில ரெண்டு பாகம். சென்ட் பக்கம் 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை அளவா அனுப்பும். ரிசீவ் பக்கம் வந்து சேர்ந்தது எவ்வளவுன்னு காட்டும். டோனோட பலத்தை டிபிஎம்ல சொல்வோம். ஒரு மில்லிவாட்தான் அதுல சைபர், 600 ஓம்ல அது 0.775 வோல்ட். இங்க சைபர் அனுப்பி அங்க மைனஸ் 8 வந்தா, நடுவுல கம்பி 8 டிபி தின்னிருக்குன்னு அர்த்தம். புதுசு வாங்கற அளவுக்கு எனக்கு வசதி இல்ல. சீட்டு எடுத்த காசு கையில இருந்துச்சு. பஸ் ஏறிட்டேன்.

கடைக்காரன் நல்லாத்தான் பேசினான். "அண்ணா, நீங்க தர்மபுரியா? நான் பாலக்கோடுங்ணா"ன்னான். டீ வந்துச்சு. அலமாரில இருந்து துணி சுத்தின பெட்டியை எடுத்து, குழந்தையைத் தொட்டில்ல இருந்து தூக்கற மாதிரி மேசையில வச்சான். முள் மீட்டர், தோல் பட்டை, காலிப்ரேஷன் ஸ்டிக்கர் எல்லாம் இருந்துச்சு. ஒரு சின்ன வயரை எடுத்து சென்ட்ல இருந்து ரிசீவுக்கு நேராப் போட்டான். முள் சைபர்ல வந்து நின்னுச்சு. டோனைக் குறைக்கிற குமிழை, அதான் அட்டன்யுவேட்டரை, 10 திருப்பினான், மைனஸ் 10. இன்னொரு 10, மைனஸ் 20. "பாருங்ணா, மயிரிழை பிசகல." எனக்கும் சந்தோஷம்தான். ரிசீவ் பக்கத்துல டெர்மினேட், பிரிட்ஜ்னு ஒரு சுவிட்ச் இருக்கும். டெர்மினேட்ல வச்சா உள்ள இருக்கிற 600 ஓம் ரெசிஸ்டர் லைனுக்குக் குறுக்கே சேரும், பிரிட்ஜ்ல சேராது. அது மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்துச்சு. தொடப் போனேன். "அதை விட்டுருங்ணா, செட்டிங் கலைஞ்சிரும்"னு கையைப் பிடிச்சான். விட்டுட்டேன். இருபது வருஷமா வயரோட வாழறவன் நான், அந்த டேப்பை உரிக்காம விட்டேன் பாருங்க.

22,000 சொன்னான், பேரம் பேசி 18,500. ஜிபே பண்ணினேன். கணக்கு வேற யாரோ ஒரு பொம்பளை பேர்ல வந்துச்சு, "வீட்ல உள்ளவங்கதான்"னான். பில் கேட்டேன். ஜிஎஸ்டி போட்டா விலை ஏறும்னு சொல்லி ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தான். கிளம்பும்போது நூறு ரூபாய் நோட்டு ஒண்ணை என் சட்டைப் பையில வச்சு, "பஸ்ஸுக்கு வச்சுக்கங்க, நம்ம ஊர்க்காரரு"ன்னான். அந்த நூறு ரூபாயிலதான் நான் முழுசா விழுந்தேன். கணக்குல அந்த நூறைக் கழிக்க மாட்டேன், போனது 18,500 தான்.

ஃபேக்டரிக்குப் போனேன். எக்ஸ்சேஞ்ச் பக்கம், லைன் வந்து சேர்ற எக்ஸ்டென்ஷன் கார்டுல இருந்து அந்த ஜோடிக் கம்பியைக் கழட்டி, பாய்லர் பக்கம் பழுது ஜோடியையும் பக்கத்து ஜோடியையும் சேர்த்து லூப் போட்டேன். ஒண்ணுல அனுப்பி இன்னொண்ணுல வாங்கினேன். ஒரு டிபி கூட இழப்பு இல்ல. "கேபிள் சுத்தம் சார், உங்க எக்ஸ்டென்ஷன் கார்டுதான் போச்சு"ன்னு மேனேஜர் கிட்ட நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவங்க கார்டு வாங்கி மாத்தினாங்க. சத்தம் அதே கிணத்துக்குள்ளதான்.

சேலத்துல ஒரு அண்ணன் இருக்கார், டெலிபோன் இலாகாவுல கேபிள் டெஸ்டிங் பார்த்து ரிட்டையர் ஆனவர். கெஞ்சி வரவழைச்சேன். அவர் தன்னோட செட்டை பாய்லர் பக்கம் வச்சார், நான் என்னோடதை கேட் பக்கம். நான் சைபர் அனுப்பினேன், அவருக்கு மைனஸ் 14. அவர் சைபர் அனுப்பினார், எனக்கு பிளஸ் 5-க்கு மேல. போன்லயே சிரிச்சார். "ஏம்ப்பா, வெறும் செம்புக் கம்பி எப்பருந்து சத்தத்தைப் பெருக்கித் தருது? அந்தக் கம்பியை எனக்கும் நாலு மீட்டர் வெட்டிக் கொடு."

அப்புறம் டேப்பை உரிச்சோம். அவர் செட்டுல இருந்து டோன் விட்டு, என்னோடதுல சுவிட்சை பிரிட்ஜ்ல இருந்து டெர்மினேட்டுக்குத் தள்ளினார். 600 ஓம் உள்ள சேர்ந்தா முள் 6 டிபி இறங்கணும். என்னோட முள் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவே இல்ல. மூடியைத் திறந்தா 600 ஓம் ரெசிஸ்டர் கருகிக் கிடக்கு. எவனோ உயிரோட இருக்கிற லைன்ல போட்டிருக்கான். லைன்ல எப்பவும் 48 வோல்ட் டிசி நிக்கும், ரிங் வந்தா 75 வோல்ட் ஏசி. நடுவுல டிசியைத் தடுக்கிற கண்டென்சர் இல்லாம டெர்மினேட்ல வச்சா வெந்துதான் போகும்.

அது விபத்து, ஒத்துக்கறேன். அடுத்தது விபத்து இல்ல. ரெசிஸ்டர் இல்லாததால முள் 6 டிபி கூடுதலாக் காட்டும். அதை மறைக்க சென்ட் லெவலை 6 டிபி குறைச்சு வச்சிருக்கான். உள்ள இருக்கிற திருகு எல்லாத்துலயும், அசையாம இருக்கப் பூசற சிவப்பு லாக் பெயின்ட் அப்படியே இருக்கு, சென்ட் லெவல் திருகுல மட்டும் உடைஞ்சு புதுசா ஸ்க்ரூடிரைவர் கீறல். 600 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை சென்ட்ல குறுக்கே போட்டு அண்ணன் அளந்தார்: 0.775 வோல்ட் வரவேண்டிய இடத்துல 0.388. சரிபாதி, 6 டிபி குறைஞ்சா வோல்ட் பாதியாத்தான் வரும். தன் பொய்யைத் தானே சரின்னு சொல்ற பெட்டி. லூப் போட்டு அளந்தா ஜாயின்ட்ல இருக்கிற மின்தடையே தெரியாது, ஏன்னா வாங்கற பக்கம் கரன்டே இழுக்கல. எடை மேடை பக்கத்துக் குழியில ஒரு ஜாயின்ட் பச்சை பிடிச்சுக் கிடந்துச்சு. அண்ணன் செட்டுல லூப் போட்டா அதே ஜோடி மைனஸ் 8.

ரெசிஸ்டர் ரெண்டு ரூபாய்தானே, மாத்திக்கலாம்னு நானும் நினைச்சேன். இன்புட் டிரான்ஸ்ஃபார்மரும் வெந்திருக்கு. ஒரே அளவு டோன் விட்டாலும் 300 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு காட்டுது, 3000-ல வேற ஒண்ணு.

அன்னைக்கே போன் அடிச்சேன். "லைன்ல வோல்டேஜோட போட்டு நீங்கதான் எரிச்சிருப்பீங்க"ன்னான். கழட்டின ஜோடியிலதான் போட்டேன்னு சொன்னேன். "அப்போ ஓட்டத் தெரியலைங்ணா." கீறல் விழுந்த திருகைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், ரெண்டு நீல டிக். பதில் இல்ல. மறுநாள் வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்"னு வச்சுட்டான். இப்ப அண்ணாவும் இல்ல, பாலக்கோடும் இல்ல.

நேத்து நேர்லயே போனேன். கடையில பையன் ஒருத்தன் மட்டும். "ஓனர் திருப்பதி போயிருக்கார், வர நாலு நாள் ஆகும்." சரின்னு ஸ்டூல்ல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல டீக்கடைப் பையன் ரெண்டு டீ கொண்டு வந்தான். எனக்கு இல்ல. ஒண்ணு பையனுக்கு, ரெண்டாவது திரைக்கு உள்ள போச்சு. நான் எழுந்து திரையை விலக்கினேன். திருப்பதி அங்கேயே இருந்தார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்றேன், எழுத எழுதக் கொதிக்குது. துண்டுச்சீட்டை எடுக்கச் சொன்னான். அதுல மூலையில பொடி எழுத்துல "பழைய சாமான், திரும்ப எடுக்கப்படாது". நான் வாங்கும்போது அதைப் படிக்கவே இல்ல. டேப் ஏன் ஒட்டினன்னு கேட்டேன், "தூசி போகாம இருக்க"ன்னான். சென்ட் திருகை யார் திருப்பினதுன்னு கேட்டேன், ஏலத்துல வரும்போதே அப்படித்தானாம். கடைசில பெரிய மனசு பண்ணி, "3,000-க்கு வேணா எடுத்துக்கறேன்"னான். 18,500-க்கு வித்ததை ஒரே வாரத்துல 3,000-க்கு. அதே பெட்டிக்கு மறுபடி டேப் ஒட்டி அடுத்த ஊர்க்காரனுக்கு விப்பான்னு தெரிஞ்சுதான் கொடுக்காம எடுத்துட்டு வந்தேன். பஸ்ஸுல உக்கார இடமில்ல, ஏழு கிலோ பெட்டியோட நின்னுக்கிட்டே வந்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சு புகார் பதியப் போறேன். ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் துண்டுச்சீட்டும்தான் கையில இருக்கு. எவ்வளவு தூரம் நிக்குமோ.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். அதே பெட்டில சென்ட்டையும் ரிசீவையும் சேர்த்துக் காட்டினா நம்பாதீங்க. 600 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணைப் பையில போட்டுட்டுப் போங்க, சென்ட்ல குறுக்கே போட்டு 0.775 வருதான்னு உங்க மீட்டர்ல பாருங்க. சந்தையில கிடைக்கிற மஞ்சள் மல்டிமீட்டர் ஆகாது, அதுல ஏசி 200 வோல்ட் ரேஞ்சுலதான் ஆரம்பிக்கும். டெர்மினேட் சுவிட்சைத் தள்ளிப் பாருங்க, முள் இறங்கணும். டேப் ஒட்டியிருந்தா அங்கேயே உரிங்க. பில் இல்லாம காசு அனுப்பாதீங்க, அதுவும் வேற பேர்ல.

பேட்டரி பத்தி எழுதவே இல்ல. அதுவும் பத்து நிமிஷம்தான் நிக்குது. இருங்க, ஃபேக்டரி மேனேஜர் கூப்பிடறார். மாத்தின கார்டுக்கு யார் காசு கொடுக்கறதுன்னுதான் கேப்பார்.