நாலு வருசம், 58,000 கிலோமீட்டர், வலது பக்கத்துப் பில்லர்

காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்ன எஸ்யூவி, 2021-இல் எடுத்தது, 58,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மைலேஜ், சஸ்பென்ஷன், ஏசி எதிலும் பெரிய குறை இல்லை, அதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது முன் கண்ணாடிக்கும் டிரைவர் கதவுக்கும் நடுவில் நிற்கிற தூண், அதாவது ஏ பில்லரைப் பற்றி.

இருப்பது பொள்ளாச்சி, மனைவியின் ஊர் வால்பாறை. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டும். வாங்கி இரண்டாவது வருசம், ஒரு காலை நேரம், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தி வரையாடு பார்த்துவிட்டுக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் திரும்புகிற வளைவு ஒன்று. ஹாரன் அடித்தேன், செகண்ட் கியர், மேல் ரோடு காலியாகத்தான் தெரிந்தது. பாதி திருப்பும்போது மனைவி "ஏங்க, பைக்கு!" என்று கத்தினார். அப்புறம்தான் பில்லருக்குப் பின்னாலிருந்து ஆளும் பைக்குமாக முழுசாக வெளியே வந்தது. இரண்டு பேரும் பிரேக் போட்டு நின்றோம், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. நானும் கொஞ்சம் உள்பக்கமாக அறுத்துத்தான் திருப்பியிருந்தேன், அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் நான் பார்க்காமல் திருப்பவில்லை, பார்த்தேன், தெரியவில்லை, அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். பிளாஸ்டிக் மூடியோடு சேர்த்துப் பில்லர் 12 சென்டிமீட்டர், என் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரத்தில். கணக்குப் போட்டால் 20 மீட்டர் தள்ளி ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் அகலம் மறைகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் காணாமல் போகிறது, நேராக வருகிற பைக் அதற்குள் தாராளமாக ஒளிந்துகொள்ளும். ஒளிந்தாலும் ஒரு நொடியில் வெளியே வந்துவிடாதா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. வலது வளைவில் கார் திரும்பத் திரும்ப, மேல் ரோடு பக்கவாட்டு ஜன்னலிலிருந்து முன் கண்ணாடியை நோக்கி இடது பக்கமாக நகர்கிறது. இறங்குகிற வண்டியோ வளைவின் உள்பக்கமாக நமக்கு வலது பக்கம் நகர்கிறது. இந்த இரண்டு நகர்வும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் அந்த வண்டி பில்லருக்குப் பின்னாலேயே நம்மோடு கூடவே வரும். வால்பாறை ரோட்டில் இரண்டு பேருமே மெதுவாகத்தான் போகிறோம் என்பதால் இது நடக்க நிறையவே வாய்ப்பு. இடது வளைவில் இந்தத் தொல்லை குறைவு, அந்தப் பக்கத்துப் பில்லர் தள்ளி இருக்கிறது.

அப்பா ஓட்டிய அம்பாசடரில் பில்லர் ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கும், அவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. இப்போது கார் உருண்டால் கூரை நசுங்கக் கூடாது, பக்கவாட்டில் விரிகிற கர்ட்டன் ஏர்பேக்கின் முன் முனை அதற்குள் இருக்க வேண்டும், போதாததற்குக் கண்ணாடியும் நன்றாகச் சாய்ந்துவிட்டது. தடிமன் நம் உயிருக்காகத்தான் என்பதால் திட்டவும் முடியவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒட்டுகிற குண்டுக் கண்ணாடி வாங்கியது தண்டம், அது பின்பக்கத்துக்குத்தான். பில்லர் ஓரத்தில் இருந்த மொபைல் ஹோல்டரைக் கழற்றியது உருப்படியான வேலை. சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளினேன், பில்லரிலிருந்து தள்ளிப் போகப் போக மறைவு குறையும், ஆனால் கிளட்ச் எட்ட வேண்டுமே, ஒரு பல்லோடு சரி. உண்மையில் வேலை செய்தது இலவசமானது. வளைவுக்கு முன்னால் முதுகை சீட்டிலிருந்து எடுத்து, தலையை ஒரு தடவை முன்னால் கொண்டுபோய் அப்புறம் பின்னால் சாய்ந்து பார்ப்பது. அரை அடி நகர்ந்தாலே பில்லர் மறைத்த இடம் திறந்துவிடும். வளைவுக்கு வரும் முன்பே பக்கவாட்டு ஜன்னல் வழியாக மேல் ரோட்டைப் பார்த்து எத்தனை வண்டி இறங்குகிறது என்று எண்ணிக்கொள்வேன். மூன்று பார்த்து இரண்டுதான் கடந்தது என்றால் மூன்றாவது எங்கே என்று தேட வேண்டும். அரசு பஸ் இறங்குகிறது என்றால் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, அதற்கு முழு வளைவும் வேண்டும், கீழேயே நின்றுவிடுவேன், ஏறுகிறவனுக்குத்தான் முன்னுரிமை என்ற சட்டமெல்லாம் தெரிந்தும்தான்.

ஒரு வேடிக்கை, இந்த விஷயத்தில் ராத்திரிதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது. எதிரே வருகிற விளக்கு பாறைச் சுவரில் முன்கூட்டியே விழுந்துவிடும், பில்லர் அதை மறைக்க முடியாது. அட்டகட்டிக்கு மேலே பனி இறங்கினால் அதுவும் போச்சு.

புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் சீட்டை உங்களுக்குத் தகுந்தபடி சரிசெய்துவிட்டு, கூட வந்தவரைப் பத்துப் பதினைந்து காலடி தள்ளி வலது முன்பக்கமாகக் குறுக்கே நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஆள் எவ்வளவு நேரம் காணாமல் போகிறார் என்று தெரிந்துவிடும். சைடு மிரர் கதவில் நிற்கிறதா, பில்லர் மூலையில் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கதவில் இருந்தால் நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், என்னுடையதில் அது இல்லை.

மனைவி ஓட்டும்போது சீட் என்னைவிட மூன்று பல் முன்னால் இருக்கும், அதனால் பில்லர் அவருக்கு இன்னும் பெரிது. வளைவுக்கு வளைவு என்னைவிட நன்றாகவே முன்னும் பின்னும் ஆடிப் பார்க்கிறார். பின்சீட்டில் பையன் "அம்மாவுக்குச் சாமி வந்துருச்சு" என்பான், கவனம் கலையக் கூடாது என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.