சொஸ்மாவா, வழக்கமான குற்றவியல் சட்டமா?

"தீவிரவாதத்துக்குக் கடுமையான சட்டம் வேண்டாமா அண்ணே?" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத் தம்பிமார் கேட்கிறார்கள். சொஸ்மா என்பது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம். சரி, அதையும் வழக்கமான குற்றவியல் சட்டத்தையும் ஒப்பிடுவோம்.

காவல்: சொஸ்மாவில் (2012) நீதிமன்றம் போகாமலே 28 நாள் வரை. வழக்கமான சட்டத்தில் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன். அவர் அனுமதித்தாலும் அதிகபட்சம் 14 நாள்.

ஜாமீன்: சொஸ்மாவில் பயங்கரவாத வழக்குக்கு இல்லை. வழக்கமான சட்டத்தில் பெரும்பாலும் நீதிபதி கையில்.

சொல்: எனக்கு முக்கியம் இதுதான். 1948-இல் இங்கே தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டபின் அவசரகாலம் வந்தது. போராளிகளை முதலில் 'கொள்ளைக்காரர்' என்ற ஆங்கிலேயர், 1952-இல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்று மாற்றினார்கள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரை சொஸ்மாவில் பிடித்தார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அந்த மாதங்களை அவர்கள் பிள்ளைகளுக்கு யார் திருப்பித் தருவது? வழக்கமான சட்டத்தில் 'பயங்கரவாதி' என்ற அந்தப் பட்டத்தை நீதிபதி ஆரம்பத்திலேயே கேள்வி கேட்டிருப்பார்.

குண்டு வைக்கும் திட்டம் கையும் களவுமாகப் பிடிபட்டால், விசாரணைக்குக் கூடுதல் நாள் தேவை என்ற வாதம் புரிகிறது. அதையும் நீதிபதியிடம் கேட்டு வாங்கட்டும். மேடைப்பேச்சு, படம், நன்கொடை என்றால் வழக்கமான சட்டமே பொருந்தும்.