ப்ளூரிபஸ்: ஒருமுறை மகளோடு, ஒருமுறை தனியாக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிக் காட்சி வரைக்கும் பேசப் போகிறேன். பார்க்கும் எண்ணம் இருந்தால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஆப்பிள் டிவியில் 2025 நவம்பர் 7 அன்று 'ப்ளூரிபஸ்' தொடரின் முதல் இரண்டு எபிசோடுகள் ஒன்றாக வந்தன. அப்புறம் வாரம் ஒன்று. கடைசியான ஒன்பதாவது எபிசோடைக் கிறிஸ்துமஸுக்காக முன்னால் இழுத்து டிசம்பர் 24 அன்றே விட்டார்கள். அந்த ஏழெட்டு வாரமும் மகள் வீட்டில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புது எபிசோடு வந்த ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு இருவரும் உட்கார்ந்துவிடுவோம். ஜனவரியில் அவள் பெங்களூர் போய்விட்டாள். நானும் சந்தாவை நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் திரும்பக் கட்டி, நான்கு இரவுகளில் ஒன்பது எபிசோடையும் தனியாகப் பார்த்து முடித்தேன். இரண்டு தடவையும் நான் பார்த்தது ஒரே தொடரா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கதை இதுதான். 600 ஒளி ஆண்டு தொலைவிலிருந்து வரும் ஒரு ரேடியோ சமிக்ஞையை வானியலாளர்கள் பிடிக்கிறார்கள். நான்கே நான்கு ஒலிகள், மாறி மாறி. அவை உயிரின் செய்முறையைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகள் என்று கண்டுபிடிக்கிறார்கள். அதாவது யாரோ சமையல் குறிப்பு அனுப்பியிருக்கிறார்கள். குறிப்பு கிடைத்தால் சமைத்துப் பார்க்காமல் இருப்போமா? ஆய்வகத்தில் செய்து எலிக்குப் போடுகிறார்கள், எலி கடித்துவிடுகிறது. கொஞ்ச நாளில் பூமியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே மனம். ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும். பதின்மூன்று பேரை மட்டும் அந்த வைரஸ் ஒன்றும் செய்யவில்லை. அதில் ஒருத்தி கரோல் ஸ்டர்க்கா. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் வசிக்கும், தான் எழுதும் காதல் நாவல்களைத் தானே மதிக்காத ஓர் எழுத்தாளர்.

வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய தொடர். 'பிரேக்கிங் பேட்', 'பெட்டர் கால் சால்' இரண்டையும் அவர் நடத்தியது இதே ஆல்புகர்க்கியில்தான். சாலில் கிம் வெக்ஸ்லராக வந்த ரியா சீஹார்ன்தான் இங்கே கரோல். ஆனால் துப்பாக்கி, கடத்தல், துரத்தல் எல்லாம் வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

முதல் எபிசோடைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதன் கடைசிப் பகுதி. கூடவே வாழ்ந்த ஹெலனின் உடலை வண்டியில் போட்டுக்கொண்டு கரோல் வீட்டுக்கு வந்து டிவியைப் போடுகிறாள். வெள்ளை மாளிகை மேடையில் கோட் போட்ட ஒருவர் நிற்கிறார். வேளாண் துறையில் யாரோ ஓர் அதிகாரி. அப்போது உயிரோடும் கோட்டோடும் கைக்கு அகப்பட்டவர் அவர்தானாம்! நாடு முழுவதற்குமான அந்த ஒளிபரப்பு கரோல் என்ற ஒரே ஆளுக்காக. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆறுதல் சொல்கிறார்கள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இந்தக் கூட்டு மனத்துக்குச் சில விதிகள் உண்டு. தொடரின் அழகே அந்த விதிகளை அது எவ்வளவு நேர்மையாகப் பின்பற்றுகிறது என்பதில்தான். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். எந்த உயிரையும் கொல்ல மாட்டார்கள், மரத்திலிருந்து ஓர் ஆப்பிளைக்கூடப் பறிக்க மாட்டார்கள். கரோல் எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள். எரிச்சலில் கையெறி குண்டு வேண்டும் என்கிறாள், நிஜமாகவே கொண்டுவந்து தருகிறார்கள். அவள் அது பொம்மை என்று நினைத்துப் பின்னை இழுக்க, கரோலுக்குத் துணையாக அவர்கள் அனுப்பிவைத்த சோசியா என்ற பெண்ணுக்குப் பலத்த காயம். அணுகுண்டு கேட்டாலும் தருவீர்களா என்று அப்புறம் கேட்கிறாள். கொஞ்சம் தயங்கினாலும் பதில் ஆமாம்தான். மூன்றாம் எபிசோடில் போகிற போக்கில் கேட்டது ஒன்பதாம் எபிசோடின் கடைசியில் ஹெலிகாப்டரில் வந்து அவள் வீட்டு வாசலில் இறங்குகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது இப்படி முன்னாலேயே விதைத்து வைத்தவை நிறையக் கண்ணில் பட்டன.

அதே மூன்றாம் எபிசோடில் சூப்பர் மார்க்கெட் காட்சி ஒன்று. என் சாமானை நானே வாங்கிக்கொள்வேன் என்று கரோல் வீம்பாகக் கடைக்குப் போகிறாள். அலமாரி எல்லாம் காலி, சரக்கை ஓரிடத்தில் சேர்த்துவிட்டார்கள். பழையபடி அடுக்குங்கள் என்று ஃபோனில் கத்துகிறாள். வரிசையாக லாரிகள் வருகின்றன, கூட்டமாக ஆட்கள் இறங்குகிறார்கள், ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச நேரத்தில் கடை முழுவதையும் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். அவள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தனியாகச் சுற்றுகிறாள். அந்தக் கடையில் அவள் ஒருத்திதான் வாடிக்கையாளர். கேட்டதெல்லாம் கிடைத்த ஒருத்தியின் முகம் எவ்வளவு கடுகடுப்பாக இருக்க முடியும் என்று அங்கே பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது இந்த இடத்தில்தான். மகள் அவர்கள் கட்சி. போர் இல்லை, திருட்டு இல்லை, நிறம் இல்லை, சாதி இல்லை, எல்லாரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள், இந்தக் கரோலுக்கு என்னதான் குறை என்றாள். நான் கரோல் கட்சி. ஊரோடு ஒத்துப்போ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒத்துப்போகாத ஒருத்தியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இணைவு நடந்தபோது 88 கோடிக்கும் மேல் செத்தார்களே, அந்தக் கணக்கு எங்கே என்றேன். கரோல் கத்தினபோது ஒரு கோடிப் பேருக்கு மேல் செத்தார்களே, அந்தக் கணக்கு எங்கே என்றாள் அவள். (கரோலின் கோபம் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் வலிப்பு வந்ததுபோல் உலுக்கிவிடும். தொடரின் மிகக் கொடூரமான விதி அதுதான்.) கடைசியில், "அம்மா, நீ கரோல் பக்கம் பேசுறதுல ஆச்சரியமே இல்லை, அவ உன்னை மாதிரியே இருக்கா" என்று முடித்தாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இந்தத் தொடரில் ஒரு தனி அவஸ்தை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே 'வீ'தான். நமக்கு அது 'நாங்கள்' ஆகலாம், 'நாம்' ஆகலாம். அவர்கள் கரோலிடம் பேசும் ஒவ்வொரு வசனத்திலும் அந்த 'வீ' வருகிறது. என் மனசு தானாகவே 'நாங்கள்' என்று வைத்துக்கொண்டது. கரோல் வெளியே நிற்கிறவள் அல்லவா? ஆனால் அவர்களின் முழு வேலையே அதை 'நாம்' ஆக்குவது. எந்த வசனத்தில் 'நாங்கள்' முடிந்து 'நாம்' தொடங்குகிறது என்று பார்ப்பதே இரண்டாம் முறை எனக்கு விளையாட்டாகிவிட்டது. எட்டாம் எபிசோடில் கரோல் கெஞ்சிக் கேட்டதற்காக சோசியா 'நான்' என்று சொல்லிப் பார்க்கிறாள். போலந்தில் சின்ன வயதில் சாப்பிட்ட மாம்பழ ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசுகிறாள். அந்த 'நான்' சோசியாவா, கரோலுக்குப் பிடிக்குமே என்று எழுநூறு கோடிப் பேர் சேர்ந்து போட்ட வேஷமா? சோசியாவாக வரும் கரோலினா விட்ரா அதை நடித்த விதத்தில் விடை கிடையாது. இரண்டு தடவை பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே எபிசோடில், கரோல் தன் முதல் நாவலை உட்கார்ந்து எழுதிய உணவகத்தை, எப்போதோ எரிந்துபோனதை, அப்படியே திரும்பக் கட்டி, பழைய பணிப்பெண்ணையே காபி ஊற்ற வைக்கிறார்கள். அன்பு என்று தோன்றுகிற ஒரு நிமிடம், தூண்டில் என்று தெரிகிற ஒரு நிமிடம். சாட்பாட்டோடு பேசிப் பழகியவர்களுக்கு இந்த இனிப்பு புதிதாக இருக்காது. எதைச் சொன்னாலும் நல்ல யோசனை என்று தொடங்குமே, அந்த இனிப்பு. ஆனால் சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே இந்தக் கதை தோன்றிவிட்டதாக கில்லிகன் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் மனிதர்கள்' என்று ஒரு வரி போடுகிறார்கள். அதைக் கவனிக்காமல் அணைத்துவிடாதீர்கள்.

குறைகளுக்கு வருகிறேன். தொடர் மெதுவாகத்தான் போகும். வாரம் ஒன்றாகப் பார்த்தபோது ஏழாம் எபிசோடில் எனக்குப் பொறுமை போய்விட்டது. வசனமே அபூர்வம். கரோல் காலி ஊரில் காரோட்டுகிறாள், பாடுகிறாள், வாணவேடிக்கை விடுகிறாள். அந்தப் பக்கம் பதின்மூன்று பேரில் இன்னொருவனான மனோசோஸ் பராகுவேயிலிருந்து கரோலைத் தேடி வண்டியோட்டிக்கொண்டு வடக்கே வருகிறான், கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் இருக்கும் டேரியன் காட்டில் முள் குத்தி விழுகிறான். மகள் பாதியில் ஃபோனை எடுத்துவிட்டாள். அடுத்தடுத்து பார்த்தபோது இதே எபிசோடு எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. அதனால் என் யோசனை, மூன்று நான்கு எபிசோடுகளைச் சேர்த்துப் பாருங்கள், வாரக்கணக்கில் இழுக்க வேண்டாம். ஃபோன் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். பாலைவனத்து வானத்துக்கும் வெறிச்சோடிய தெருவுக்கும் பெரிய திரை வேண்டும். கரோலின் வீடு இருக்கும் அந்தத் தெருவையே படப்பிடிப்புக்காகப் புதிதாகக் கட்டினார்களாம்.

இன்னொரு குறை லக்ஷ்மி. பதின்மூன்று பேரில் இந்தியப் பெண் இவள். கூட்டு மனத்துக்குள் போய்விட்ட தன் சின்ன மகனை இன்னும் என் பிள்ளைதான் என்று மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை கனமான விஷயம் இது! ஆனால் அவளுக்குக் கிடைத்தது கரோலோடு எரிந்து விழும் வேலை மட்டும்தான். அதே பதின்மூன்று பேரில் வரும் மொரிட்டானியாக்காரன் கும்பா டியாபாத்தே அமெரிக்க அதிபரின் விமானத்தில் வந்து இறங்குவதும் லாஸ் வேகாஸில் ராஜ வாழ்க்கை நடத்துவதும் ரசிக்கும்படி இருந்தன. அந்த நேரத்தில் கொஞ்சம் லக்ஷ்மிக்கும் கொடுத்திருக்கலாம். இரண்டாம் சீசனில் வருவாள் என்று நம்பிக்கை. தொடர் அறிவிக்கப்பட்டபோதே இரண்டு சீசனுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்கள்.

பால் டப்பா விவகாரத்தை விரிவாகச் சொல்லப் போவதில்லை. அவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று கரோல் துப்பறிகிற ஐந்தாம் எபிசோடு நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்தது. விடையை ஆறாம் எபிசோடில் ஜான் சீனா வந்து, ஏதோ பள்ளிக்கூட விளக்கப்படம்போல் நிதானமாகச் சொல்வது அதைவிட நன்றாக இருந்தது. சாப்பிடும்போது பார்க்க வேண்டாம்.

சரி, தனியாகப் பார்த்தபோது என்ன மாறியது? ஐந்தாம் எபிசோடில் ஊரே காலி செய்துகொண்டு போகிறது. அவர்களுக்குக் கரோலிடமிருந்து கொஞ்சம் இடைவெளி வேண்டுமாம். அவள் எதற்காவது ஃபோன் செய்தால், இது பதிவு செய்யப்பட்ட குரல், உங்கள் மேல் எங்களுக்குள்ள அன்பு மாறவில்லை, ஆனால் சற்று விலகியிருக்க விரும்புகிறோம் என்கிற மாதிரி நீளமாக ஒரு செய்தி ஓடும். ஒவ்வொரு முறையும் முழுதாக. டிசம்பர் நெருங்கிய அந்த இரவில் நாங்கள் இருவரும் அதற்கு அப்படிச் சிரித்தோம். இரண்டாம் முறை அதே செய்தி ஓடும்போது சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நான் காலையில் பால்காரரிடம் பேசியது தவிர வேறு யாரிடமும் பேசியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் வீம்பைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழாம் எபிசோடில் கரோல் பெயின்ட் டப்பாவோடு வெளியே வந்து 'திரும்பி வாருங்கள்' என்று தரையில் பெரிய எழுத்தில் எழுதுகிறாள். முதல் தடவை அதைத் தோல்வி என்று திட்டினேன். இந்தத் தடவை அந்தப் பெயின்ட் அவள் வீட்டில் எங்கே இருந்தது, எப்போது எடுத்து வைத்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரியா சீஹார்னுக்கு 2026 ஜனவரியில் கோல்டன் குளோப் கிடைத்தது. அந்தப் பெயின்ட் காட்சிக்கு மட்டுமே கொடுத்தாலும் தகும்.

மனோசோஸைப் பற்றியும் என் எண்ணம் மாறியது. அவர்கள் கொடுக்கும் எதையும் தொடாதவன். அடுத்தவர் பொருளை எடுக்க நேர்ந்தால் கடன் சீட்டு எழுதி வைப்பவன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டாலும். முதலில் கிறுக்கன் என்று நினைத்தேன். இப்போது தொடரில் நான் மிகவும் நம்புகிற ஆள் அவன்தான்.

ஒன்பதாம் எபிசோடின் தொடக்கம் பெருவின் மலைக் கிராமம் ஒன்றில். குசிமாயு என்ற இளம்பெண், பதின்மூன்று பேரில் ஒருத்தி, தானாக விரும்பி இணைகிறாள். கிராமமே பாட்டுப் பாடுகிறது. ஆவியை மூச்சில் இழுக்கிறாள், விழுகிறாள், எழுந்து சிரிக்கிறாள். அந்தக் கணமே பாட்டு நின்றுவிடுகிறது. பாட்டெல்லாம் அவளுக்காகத்தானே? எல்லாரும் கலைந்து அவரவர் வழியில் நடக்கிறார்கள். ஆசையாக அவள் வளர்த்த ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அதைப் பார்த்தபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நானும் கேட்கவில்லை. தனியாகப் பார்த்து முடித்த இரவு அவளுக்கு ஃபோன் போட்டு, இன்னும் அவர்கள் கட்சிதானா என்று கேட்டேன்.

"அந்த ஆட்டுக்குட்டியிலேயே மாறிட்டேன்மா. உன்கிட்ட சொன்னா நீ ஜெயிச்சிட்டதா நினைச்சுப்பேன்னு சொல்லல" என்றாள்.