பாலெம்பாங் 2018 மகளிர் பௌலிங் பதிவு: உட்கார்ந்து முழுசா பார்க்கலாமா?

பௌலிங் என்றதும் பாதிப் பேருக்கு கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கிற பௌலிங். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தோனேசியாவின் பாலெம்பாங் நகரத்து ஜக்கபாரிங் வளாகத்தில் நடந்த மகளிர் போட்டிகளின் பதிவு ஒரு ஒளிபரப்புத் தளத்தில் கிடைத்தது, மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்து முடித்தேன். ஆட்டத்துக்கு மனசார ஐந்துக்கு ஐந்து. அதைக் காட்டிய விதத்துக்கு இரண்டரைக்கு மேல் போட மனசு வரவில்லை.

நான் வாரத்துக்கு இரண்டு நாள் பௌலிங் ஆடுகிறவள், பெரிய ஆட்டக்காரி இல்லை, ஆனால் ஒரு பந்து ஏன் வளைகிறது, ஏன் திடீரென்று வளைய மறுக்கிறது என்று தெரியும். அந்த இடத்தில்தான் ஒளிபரப்பு என்னைக் கடுப்பேற்றியது.

பந்து உருளுகிற நீளப் பாதையான லேன் மேலே எண்ணெய் பூசியிருப்பார்கள். இது தெரியாமல் பார்த்தால் எல்லோரும் ஒரே பந்தை ஒரே மாதிரி உருட்டுவது போலத்தான் இருக்கும். பந்தை விடும்போது தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி, அகலத்தில் 39 பலகைகள், அதில் முன்பகுதியில் எண்ணெய், கடைசிப் பகுதி காய்ந்த மரம் மாதிரி. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகிற பந்து காய்ந்த இடம் வந்ததும் பிடித்துக்கொண்டு வளையும். எண்ணெய் எத்தனை அடி நீளமோ அதிலிருந்து 31-ஐக் கழித்தால் எந்தப் பலகைப் பக்கம் பந்து எண்ணெயை விட்டு வெளியே வர வேண்டும் என்று தோராயமாகத் தெரியும், 40 அடி என்றால் ஒன்பதாவது பலகை. நாம் பொழுதுபோக்குக்கு ஆடுகிற இடங்களில் நடுவில் நிறைய எண்ணெயும் ஓரத்தில் கொஞ்சமும் இருப்பதால் கொஞ்சம் தப்பாகப் போட்டாலும் பந்து தானாக நடுவுக்கு வந்துவிடும். இந்த மாதிரிப் போட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது, இரண்டு பலகை தள்ளிப் போட்டால் ஒன்று நேரே போய்விடும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அதுவும் ஆட ஆட எண்ணெய் குறையும், இடம் மாறும், முதல் ஆட்டத்தில் ஸ்ட்ரைக் (ஒரே பந்தில் பத்து பின்னும் சாய்வது) கொடுத்த கோடு மூன்றாவது ஆட்டத்தில் காலை வாரிவிடும்.

மூவர் அணிப் போட்டியில் ஒரு வீராங்கனையை மட்டும் நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நல்ல பந்து, சத்தம் கூட நல்ல சத்தம், ஆனால் வலது மூலையில் பத்தாம் நம்பர் பின் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ஒன்றும் இல்லை. பந்து திரும்பி வந்ததும் துண்டை எடுத்து அதைச் சுற்றியிருந்த எண்ணெய் வளையங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார், அந்த வளையங்களை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு ரேக்கில் வைத்தார். அப்புறம் மிச்சப் பின்னைச் சாய்ப்பதற்கென்றே வைத்திருக்கிற, வளையாத ஸ்பேர் பந்தை எடுத்து நேர்கோட்டில் போட்டுப் பத்தாம் பின்னைத் தட்டிவிட்டார். அடுத்த ஃபிரேமில், அதாவது பத்து பின்களையும் சாய்க்க அவருக்குக் கிடைக்கிற அடுத்த முறையில் பாருங்கள், நிற்கிற இடமே இரண்டு பலகை இடது பக்கம் நகர்ந்திருக்கிறது! அந்தத் துண்டுக்கும் இந்த இரண்டு பலகைக்கும் நடுவில் நடந்ததுதான் ஆட்டம், அதைப் பற்றி வர்ணனையாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேமரா எப்போதும் பின்களின் மேலேயே நிற்கிறது. பந்து கையை விட்டதும் வெட்டி அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள், பின்கள் சிதறுவதைக் காட்டுகிறார்கள், கைதட்டல், அடுத்த ஆள். கால் எங்கே வைத்தார், லேனில் இருக்கிற எந்த அம்புக்குறி மேலே பந்து போனது, எங்கே திரும்பியது என்று எதுவும் தெரியாது. அன்றைய எண்ணெய் எத்தனை அடி என்று திரையின் மூலையில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் கூடப் போதும்.

இன்னொரு குறை புள்ளிகள். மூவர் அணியில் ஆளுக்கு ஆறு ஆட்டம், மூன்று பேருடையதையும் கூட்டி மொத்தத்தில் யார் அதிகமோ அவர்களுக்குத் தங்கம், இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் அணியின் மொத்தம் நகர்ந்துகொண்டே வருவதுதான் பரபரப்பு. நான் பார்த்த பதிவில் பெரும்பாலும் ஆடுகிறவரின் தனிப் புள்ளிதான் தெரிந்தது. கடைசியில் நோட்டுப் புத்தகம் எடுத்து நானே கூட்டிக்கொண்டு பார்த்தேன், அப்போதுதான் சூடு பிடித்தது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன்: பத்து ஃபிரேமிலும் முதல் பந்தில் ஒன்பது, இரண்டாவதில் மிச்சம் ஒன்று, கடைசியில் கிடைக்கிற கூடுதல் பந்திலும் ஒன்பது என்று ஆடினால் 190 வரும். ஸ்ட்ரைக், ஸ்பேர் (இரண்டு பந்தில் பத்தும் சாய்வது), ஸ்ட்ரைக், ஸ்பேர் என்று மாறி மாறிக் கடைசி வரை போனால் 200. அதற்கு மேலே போக வேண்டுமென்றால் ஸ்ட்ரைக்குகள் அடுத்தடுத்து வந்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்தின் புள்ளியும் சேரும். இதை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால், நான்காவது ஃபிரேமில் ஒரு ஸ்பேர் தவறுவது எவ்வளவு வலிக்கும் என்று புரியும்.

மூவர் அணித் தங்கம் மலேசியாவுக்கு. அந்த அணியில் எஸ்தர் சியா இருந்தார், 2005-இல் டென்மார்க்கில் உலக சாம்பியன் ஆனவர், பதின்மூன்று வருஷம் கழித்தும் இப்படி நிற்கிறார். இதைச் சொல்லாமல் ஒரு வர்ணனை ஓடுகிறது என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறுவர் அணித் தங்கம் தென் கொரியாவுக்கு, அதில் ஆடிய லீ நா யங் 2014-இல் தென் கொரியாவின் இஞ்சியானில் நடந்த ஆசிய விளையாட்டில் மட்டும் நான்கு தங்கம் வாங்கியவர். இந்த மாதிரி ஆட்கள் ஒரே கூரையின் கீழ் ஆடுவதை வேறு எங்கே பார்ப்பது?

மாஸ்டர்ஸ் பகுதிதான் பதிவிலேயே சிறந்தது. முந்தைய போட்டிகளில் முன்னணியில் வந்தவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடி, கடைசியில் மூன்று பேர் படிக்கட்டு முறையில் மோதுவார்கள்: மூன்றாமவர் இரண்டாமவரோடு, அதில் வென்றவர் முதலாமவரோடு. இரண்டே பேர், ஒருவர் விட்ட எண்ணெய்த் தடத்தில் இன்னொருவர் ஆட வேண்டும். கேமராவுக்கும் வேறு போக்கிடம் இல்லாததால் நின்று காட்டியிருக்கிறார்கள். தங்கம் ஜப்பானின் இஷிமோட்டோ மிராய்க்கு. கடைசி ஆட்டத்தில் பந்தை எடுப்பதற்கு முன் அவர் காற்றில் கையை உலர்த்திக்கொள்வதைக் கூடப் பார்க்க முடிந்தது.

ஒளிபரப்பைச் சாராத ஒரு மனக்குறையும் இருக்கிறது. இஞ்சியானில் மகளிருக்குத் தனிநபர், இரட்டையர், மூவர், ஐவர், ஒட்டுமொத்தம், மாஸ்டர்ஸ் என்று ஆறு தங்கம் இருந்தது, பாலெம்பாங்கில் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். தனிநபர் போட்டியை எடுத்தது ரொம்பத் தவறு. சின்ன நாட்டிலிருந்து ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரி வந்தால் அவர் எந்தப் பதக்கத்துக்கு ஆடுவார்? ஆறு பேரைத் தேற்ற முடிகிற நாடுகளுக்குத்தான் இந்த ஏற்பாடு சாதகம். அடுத்த ஆசிய விளையாட்டில், சீனாவின் ஹாங்சோவில், பௌலிங்கையே எடுத்துவிட்டார்கள், 1978 பாங்காக்கில் முதன்முதலாக வந்த விளையாட்டு.

சரி, பார்க்கலாமா? பாருங்கள், ஆனால் நான் பார்த்த வரிசையில் வேண்டாம். முதலில் மாஸ்டர்ஸ் கடைசி இரண்டு ஆட்டம், கண் பழகும். அப்புறம் மூவர் அணியின் பின்பாதி, பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு. அறுவர் அணியை நேரம் இருந்தால் பார்க்கலாம், அது நீளம், பாதியில் விட்டாலும் பரவாயில்லை. வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், ஒரேயடியாக மூட வேண்டாம், பந்து பின்களில் மோதுகிற சத்தம் காதில் விழ வேண்டும்.