நேரடி இணைப்பா, எஸ்எஸ்எச் சுரங்கமா: பிழை வரும்போது எது எளிது?

வினவல் மென்பொருளிலிருந்து தொலைவிலுள்ள தரவுத்தளத்தை அடைய, சர்வரின் போர்ட்டை, அதாவது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலை, திறந்து நேரடியாக இணையலாம். அல்லது எஸ்எஸ்எச் சுரங்கத்தின் வழியே, அதாவது முதலில் ஒரு சர்வரில் எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பால் உள்நுழைந்து, அதன் வழியாகத் தரவுத்தளத்துக்குச் செல்லலாம்.

நேரடி இணைப்பில் பாதை ஒன்றே என்பதால் பிழைச்செய்தியே பெரும்பாலும் பழுதின் இடத்தைக் காட்டிவிடும். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால், அந்த முகவரியின் 5432 (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்) அல்லது 3306 (மைசீக்வல் தரவுத்தளம்) போர்ட்டில் எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக உள்ளூர் முகவரியில் (அதே கணினியிலிருந்து) மட்டுமே இணைப்புகளை ஏற்கும் என்பதால் இது அடிக்கடி நேர்கிறது. நெடுநேரம் காத்திருந்து "நேரம் முடிந்தது" என்று வந்தால், பெரும்பாலும் இடையில் ஏதோ ஒரு ஃபயர்வால் (இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு அரண்) தடுக்கிறது. கடவுச்சொல் தவறு என்ற செய்தியோ ஒரு வகையில் நல்ல செய்திதான், ஏனெனில் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டோம்.

சுரங்கத்தில் உள்நுழைவுகள் இரண்டு (எஸ்எஸ்எச் சர்வருக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று) என்பதால், தோற்றது எது என்பதையே முதலில் பிரித்தறிய வேண்டும். டெர்மினலில் எஸ்எஸ்எச் மட்டும் தனியாக இணைகிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அடுத்து மென்பொருளில் தரவுத்தளத்தின் முகவரியை இடும் ஹோஸ்ட் கட்டத்தைப் பாருங்கள்: அங்கே இட வேண்டியது எஸ்எஸ்எச் சர்வரின் பார்வையில் தரவுத்தளம் இருக்கும் முகவரி, இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் 127.0.0.1 (அந்தக் கணினி தன்னையே குறிக்கும் முகவரி). மைசீக்வலில் பயனர் கணக்கு, இணையும் முகவரியோடு சேர்ந்தே அடையாளம் காணப்படுவதாலும், சுரங்கத்தில் அந்த முகவரி மாறுவதாலும், நேரடியாக வேலை செய்த அதே பெயர் சுரங்கத்தின் வழியே மறுக்கப்படலாம்.

பழுது தேட நேரடி இணைப்பே எளிது. ஆயினும் உண்மையான தரவு உள்ள சர்வரில், போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பதை என்னால் ஏற்க முடியாது. அங்கே சுரங்கத்தையே பரிந்துரைப்பேன்.