சத்தம் போடும் சைலன்சர்: தானாக ஓட்டை விழுந்ததா, நீங்களாக அறுத்ததா?

ஒரு காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் சத்தம் வேறாக இருந்தது. முதல் நாள் வரை முணுமுணுத்துக்கொண்டிருந்த வண்டி அன்றைக்கு உறுமியது. டார்ச்சை எடுத்துக் குனிந்து பார்த்தேன். சைலன்சர் டப்பாவின் மூட்டு ஓரத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி விசிறி மாதிரி கரி படிந்திருந்தது.

மெக்கானிக் மூன்று வழி சொன்னார். "ஒட்டு வச்சு கொஞ்ச நாள் ஓட்டலாம். புதுசு மாட்டலாம். இல்லன்னா இந்த டப்பாவையே அறுத்துட்டு நேர் பைப் வச்சிடலாம் சார், சத்தம் கெத்தா இருக்கும்." எந்த வழிக்கு எவ்வளவு செலவு என்று துல்லியமாகச் சொன்னார். எந்த வழி எந்த வழக்கில் கொண்டுபோய் விடும் என்று சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை. அதைத் தேடிப் படித்த பிறகுதான், இந்த மூன்றும் சட்டத்தின் முன்னால் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று புரிந்தது.

முதலில் ஒரு விஷயம். வண்டி எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது சட்டம் கேட்கும் இரண்டாவது கேள்விதான். சத்தம் எப்படி வந்தது, நீங்கள் எதையாவது மாற்றினீர்களா என்பதே பல நாடுகளில் முதல் கேள்வி. பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு விதிகளில் 54-ஆவது விதி இதை இரண்டு துண்டாகவே வைத்திருக்கிறது. சைலன்சர் நல்ல நிலையில் பராமரிக்கப்பட வேண்டும். சத்தம் கூடும்படி அதை மாற்றவும் கூடாது. முதல் துண்டை மீறினால் பராமரிப்புக் குறை, இரண்டாவதை மீறினால் வேண்டுமென்றே செய்த காரியம். ஒட்டு, புதுசு, நேர் பைப் மூன்றையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டையோடு அல்லது ஒட்டு வைத்து ஓட்டுவது

துரு சைலன்சரை உள்ளிருந்துதான் தின்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, குளிர்ந்த டப்பாவுக்குள் தண்ணீராக நின்றுவிடும். தினமும் ஐந்து நிமிடத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் காய்வதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். ஆக, ஒழுங்காக ஓட்டுபவர் வண்டியிலும் ஒருநாள் ஓட்டை விழும். இது யாருக்கும் தெரியும், தடுத்து நிறுத்தும் காவலருக்கும் தெரியும்.

அதனால் நான்கு வழிகளில் (நான்காவது பின்னால் வருகிறது) இதில்தான் பேச இடம் அதிகம். விரிசல் புதியது, பழுது பார்க்க நேரம் குறித்தாயிற்று, இதோ ரசீது என்று காட்ட முடிந்தால் எச்சரிக்கையோடு போவதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்பது முழுப் பதில் ஆகாது. பராமரிப்பதும் ஓட்டுபவரின் கடமை. பிரிட்டனில் இதற்கு 50 பவுண்டு அபராதச் சீட்டு கிடைக்கலாம். வருடாந்திரத் தகுதிச் சோதனையிலும், வழக்கமான சைலன்சரை விடத் தெளிவாக அதிகச் சத்தம் என்றால் வண்டி தேறாது. இந்தியாவில் சத்தம், புகை தொடர்பான தரநிலையை மீறிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு வருகிறது. 2019 திருத்தம் அதன் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று வைத்தது. அந்தப் பிரிவின் வாசகத்தில் ஓட்டை தானாக விழுந்தது, நாமாகப் போட்டது என்ற பாகுபாடு கிடையாது.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. விரிசல் டப்பாவில் இல்லாமல் முன்பக்கம், இன்ஜினுக்கு அருகில் இருந்தால் புகை காருக்குள் வர வழியுண்டு. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். ஓட்டையோடு ஓட்டுவதை ஒரு 'வழி' என்று கணக்கில் வைப்பதே பட்டறை வரை போய்ச் சேர மட்டும்தான்.

ஒப்புதல் பெற்ற மாற்று சைலன்சர்

இதில் சொல்ல அதிகமில்லை. காரணம், இது பிரச்சினை தராத வழி. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 59-ஆவது விதி, கார்களுக்கான மாற்று சைலன்சர்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன்படி சோதித்த பொருளில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும் எண்ணும் பொறித்திருக்கும். கொஞ்சம் கம்பீரமான சத்தம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கும் இந்த வரம்புக்குள் இடம் இருக்கிறது. ஆழமான ஒலி வேறு, அதிகமான ஒலி வேறு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஒப்புதல் குறிப்பிட்ட மாடல்களுக்கு உரியது. முத்திரை இருக்கிறது என்பதற்காக வேறு காரில் மாட்டினால் அது ஒப்புதல் ஆகாது. "பந்தயத் தளத்துக்கு மட்டும்" என்று எழுதி விற்கும் பொருளைச் சாலையில் ஓட்டினால், அந்த வாசகமே உங்களுக்கு எதிரான சாட்சி.

அறுத்துவிட்டு நேர் குழாய்

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும். புதுசு மாட்டுவதை விட மலிவாகத் தெரிவதும் இதுதான், பின்விளைவு நீளமானதும் இதுதான்.

சைலன்சர் டப்பாவுக்குள் தடுப்பு அறைகள், துளையிட்ட குழாய்கள், சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சு என்று இருக்கும். ஒலி அலை அங்கே மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்குகிறது. அதை அறுத்தால் ஒவ்வொரு வெடிப்பும் அப்படியே வெளியே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய சாதாரண கார்களுக்கு 2016-இல் 72 டெசிபல் என்று வைத்து, படிப்படியாக 68-க்குக் கொண்டுவரும்படி 2014-இல் சட்டம் போட்டது. நான்கு டெசிபல்தானே என்று தோன்றும். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, பத்து கூடினால் காதுக்கே இரண்டு மடங்காகக் கேட்கிறது. பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக் குறைத்ததை ஒரு அறுப்பு இயந்திரம் பத்து நிமிடத்தில் இல்லாமல் செய்துவிடும்.

அறுத்த இடத்தில் வெல்டிங் தெரியும். அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. காவலரிடம் ஒலிமானி இல்லையே என்று வாதாடுவது பிரிட்டனின் 54-ஆவது விதியின் முன் எடுபடாது, ஏனென்றால் அங்கே கேள்வி டெசிபல் அல்ல, மாற்றினாயா என்பதே. கலிபோர்னியாவில் இரண்டும் உண்டு. அந்த மாநில வாகனச் சட்டத்தின் 27150-ஆவது பிரிவு போதுமான சைலன்சர் கட்டாயம் என்கிறது. 27151-ஆவது பிரிவு சத்தம் கூடும்படி மாற்றக் கூடாது என்கிறது; கார்களுக்கு 95 டெசிபல் என்ற எல்லையையும் அதுவே வைக்கிறது. இந்தியாவில் 190(2)-ஓடு இன்னொன்று சேருகிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 2019-இல் சேர்க்கப்பட்டது. ஓட்டியவருக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று. இரண்டும் நீங்களாகவே இருந்தால் இரண்டு பக்கமும் இடி.

ஜெர்மனியின் முறைதான் எனக்கு மிகக் கடுமையாகத் தோன்றியது. அங்கே புகை அல்லது சத்த அளவை மோசமாக்கும் மாற்றம் செய்தால், வண்டியின் இயக்க அனுமதியே தானாக ரத்தாகிவிடும். யாரும் பிடிக்க வேண்டியதில்லை. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அறுத்த அந்த நாளிலிருந்தே நீங்கள் அனுமதியில்லாத வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்சூரன்ஸ் நெருடுவதும் இந்த இடத்தில்தான். மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது பல பாலிசிகளில் நிபந்தனை. தெரிவிக்காமல் அறுத்துவிட்டு, அப்புறம் வேறு ஏதோ காரணத்தால் விபத்து நடந்தாலும், இழப்பீடு கேட்கும்போது அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தடிக்கவும் மறுக்கவும் இடம் கொடுத்துவிடுகிறீர்கள். சத்தத்துக்கான அபராதம் ஒருமுறை. இது எவ்வளவு பெரிய தொகையில் போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

நேர் குழாய் வைக்கும்போது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. அத்தோடு இது சத்த வழக்கு மட்டும் இல்லை. புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை அகற்றியதாக ஆகிவிடும். அமெரிக்காவில் அது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்தை மீறுவது. பட்டறைக்காரரும் அதில் மாட்டுவார்.

சுவிட்ச் வைத்த வால்வு

மெக்கானிக் சொல்லாத நான்காவது வழி இது. ஒரு பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து, புகை சைலன்சருக்குள் போகாமல் வெளியேறும். காவலரைக் கண்டால் மூடிக்கொள்ளலாம் என்பதுதான் இதை விற்பவர்கள் சொல்லும் கவர்ச்சி. உண்மையில் இது நேர் குழாயை விடச் சங்கடமான நிலை. எது தவறு என்று தெரிந்து, மறைக்கவும் ஏற்பாடு செய்தீர்கள் என்பதற்கு அந்தச் சுவிட்சே அத்தாட்சி. இந்தியச் சட்டம் 'கட்-அவுட்' என்று பெயர் சொல்லியே 194எஃப் பிரிவில் இதைத் தொடுகிறது: முதல் முறை 1,000 ரூபாய், அடுத்து 2,000. தொகை சிறியதாகத் தெரியலாம். அதே செயலுக்கு மேலே சொன்ன பெரிய பிரிவுகளும் பொருந்தக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

தொழிற்சாலையிலேயே வால்வோடு வரும் கார்கள் வேறு கதை, அவை ஒப்புதல் சோதனையைத் தாண்டி வந்தவை. 59-ஆவது விதியும், நிலை மாற்றும் வசதியுள்ள மாற்று சைலன்சர் எல்லா நிலையிலும் தேற வேண்டும் என்றுதான் கேட்கிறது.

"பிடிக்க ஆள் இருந்தால்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பிரான்ஸ் 2022-இல் ஒலி ரேடார்களைச் சாலையோரத்தில் சோதனை முறையில் வைக்கத் தொடங்கியது. ஒலிவாங்கிகள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும், கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும்; அபராதம் 135 யூரோ. நியூயார்க் மாநிலம் 2021-இல் சட்டவிரோத சைலன்சர் மாற்றத்துக்கான உச்ச அபராதத்தை 1,000 டாலராக உயர்த்தியது. பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம், பிறருக்குத் தொல்லை தரும்படி வண்டியை ஓட்டுபவரை முதலில் எச்சரித்து, ஓராண்டுக்குள் மறுபடி செய்தால் வண்டியையே எடுத்துக்கொள்ள வழி செய்தது. இரவு பதினொரு மணிக்குத் தூங்கும் குழந்தை விழித்தெழும் வீட்டில் இருந்தவன் என்ற முறையில், இந்த விதிகளில் எதையும் கடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் ஒப்புதல் பெற்ற புதிய சைலன்சரையே மாட்டினேன். ரசீதையும், முத்திரை எண் தெரியும்படி எடுத்த ஒரு படத்தையும் வண்டிப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். முந்தைய உரிமையாளர் அறுத்தது உங்களுக்குத் தெரியாது என்றாலும், ஓட்டும்போது பிடிபடுவது நீங்கள்தான். பணம் கொடுப்பதற்கு முன்னால் அடியில் குனிந்து குழாயைத் தொடக்கம் முதல் கடைசி வரை பாருங்கள். பழைய துருவுக்கு நடுவில் பளபளவென்று ஒரு வெல்டிங் இருக்கிறதா, டப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் ஓடுகிறதா, மாற்று சைலன்சர் என்றால் முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். ஐரோப்பியப் பதிவுச் சான்றிதழ்களில் யு.1 என்ற கட்டத்தில் நின்ற நிலையில் எடுத்த டெசிபலும், யு.2-இல் அப்போதைய இன்ஜின் வேகமும் அச்சிட்டிருக்கும். குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் ஒலிமானியை வைத்து எடுத்த எண் அது. பட்டறையில் அதே தூரத்தில், அதே வேகத்தில் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண் பெரிதாக எகிறினால், விலையைக் குறைத்துக் கேட்பதை விட, சரியான சைலன்சரை விற்பவரையே மாட்டித் தரச் சொல்வது நல்லது.