பாதிப் பணம் முன்னாடியே, வாள் பங்குனியில்
முனீஸ்வரனுக்கு வேண்டுதல் வாள் அடிக்க காட்பாடி பக்கம் ஒரு பட்டறையில் சொன்னேன். 4,500 ரூபாய், பாதி முன்பணம். இரும்பு வாங்கவே காசு வேண்டுமே, நியாயம்தான். ஆனால் பத்து நாள் என்றவர் மாசி போய் பங்குனி பிறந்தும் "நாளைக்கு வாங்க சார்" என்றே ஓட்டினார், நடுவில் கரி விலை ஏறிடுச்சு என்று இன்னும் ஆயிரம் கேட்டார், அடித்தவரைக்கும் காட்டுங்க, அப்புறம் தர்றேன் என்று நேரில் போய் நின்றேன்.

சரி, வேலை? அருமை. லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங், அதாவது கமான் பட்டையில் அடித்தது, அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடும் என்று எண்ணெயில்தான் தோய்த்தார், பிறகு மறுபடி சூடேற்றிப் பதம் பார்த்ததில் வந்த நீல நிறம் இன்னும் வாளின் முதுகில் தெரிகிறது. பிடியில் ஓர் ஆணி மட்டும் ஆடுகிறது. முன்பணம் கொடுத்தால் தொகையும் தேதியும் எழுதி வாங்குங்கள், எனக்குக் கிடைத்தது பால் பில்லின் பின்பக்கம்தான்.